ஜெயங்கொண்ட வாழ்க்கை எல்லாருக்கும் வாய்க்கிறது, எனக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை?

பாதிவழி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் சபையில் ஜெயங்கொண்ட வாழ்க்கை, அதாவது பாவத்தை ஜெயித்து வாழ்கிற வாழ்க்கை, என்று அடிக்கடி சொல்வார்கள், அதைப் பற்றித்தான். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞானஸ்நானம் எடுத்து 11 வருஷம் ஆகிறது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் சபையிலிருந்து நாலைந்து பேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். யாரும் வந்து பார்க்காத நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசுவது, ஜெபிப்பது, முகம் துடைத்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, பிடித்துத்தான் செய்கிறேன்.

வீட்டில் அப்பா இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அம்மா இல்லை. பகலில் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை வரைக்கும் நான்.

போன சனிக்கிழமை வார்டில் ஒரு பெரியவர், வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துத் துடைத்துப் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு துளி அருவருப்பு வரவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அங்கிருந்து சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறேன், அப்பா படுக்கையை நனைத்துவிட்டார். மாற்றினேன். ஒன்பது மணிக்கு மறுபடியும். மாற்றினேன். பதினொன்றரைக்கு மூன்றாவது தடவை. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, "வேணும்னே பண்றீங்களா?" என்று கத்திக்கொண்டு ஷீட்டை வெடுக்கென்று உருவினேன். அந்த வேகத்தில் அவர் கை கட்டில் கம்பியில் போய் இடித்தது. நல்ல கை, இடது கை. அவர் அந்தக் கையை மெதுவாக நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பேச முடியாத மனிதர் வேறு என்ன செய்வார்.

மறுநாள் காலை ஞாயிறு பள்ளியில் பாடம் என்ன தெரியுமா? ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவியானவர் நமக்குள் வளர்க்கிற நல்ல குணங்கள். "நீடிய பொறுமை" என்று போர்டில் எழுதும்போது என் கை நடுங்கியது. அதற்கப்புறம் ஆராதனையில் ஒரு சகோதரர் எழுந்து சாட்சி சொன்னார், ஏழு வருஷமாகத் தனக்குக் கோபமே வந்ததில்லையாம், ஆண்டவர் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாராம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இது ஒருநாள் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருஷமாக இதேதான். கத்துவது, அழுவது, உபவாசம் இருப்பது, அடுத்த வாரம் இன்னும் அதிகமாக ஊழியம் செய்வது, மறுபடியும் கத்துவது. "நம்முடைய விசுவாசமே உலகத்தை ஜெயிக்கிற ஜெயம்" என்று வேதம் சொல்கிறதே. என்னால் உலகத்தை விடுங்கள், ஒரு கட்டிலை ஜெயிக்க முடியவில்லை. அப்படியானால் என் விசுவாசம் பொய்யா? வகுப்பையும் ஊழியத்தையும் விட்டுவிடுவதுதான் யோக்கியமா? ஜெயங்கொண்ட வாழ்க்கை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா, அல்லது எல்லாரும் என்னைப்போலவே கை தட்டிக்கொண்டிருக்கிறோமா?

விசுவாச வீரன் எழுதியது:

பிரதர், ஜெயம் நிச்சயமாக இருக்கிறது, அதைச் சந்தேகப்படுவதே சத்துருவின் முதல் வேலை. நீங்கள் இன்னும் முழுமையாக ஒப்புக்கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏதோ ஒரு பகுதியை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள். மூன்று நாள் உபவாசம் எடுத்து, கோபத்தின் ஆவியைக் கடிந்துகொண்டு, 1 யோவான் 5:4ஐ வாயினால் அறிக்கை செய்யுங்கள். உணர்வைப் பார்க்காதீர்கள், வார்த்தையைப் பாருங்கள். நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஜெபிக்கிறேன்.

சங்கீதம் 88 எழுதியது:

வீரன் பிரதர், கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் ஏற்கெனவே உபவாசம் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். கத்துகிறார், உபவாசம், ஊழியம், மறுபடியும் கத்துகிறார். அந்தச் சக்கரத்தில் இன்னும் ஒரு மூன்று நாள் சேர்த்தால் சக்கரம் நின்றுவிடுமா?

பாதிவழி, ரோமர் 8ஐ எடுத்து 35ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று பவுல் அடுக்குகிறார். 36ல் நாங்கள் அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம் என்கிறார், அது 44ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது, அந்தச் சங்கீதத்தில் ஜனங்கள் ஆண்டவரைப் பார்த்து ஏன் நித்திரை பண்ணுகிறீர் என்றே கேட்கிறார்கள். அதற்கு அடுத்த வரிதான் நாம் எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிற வசனம். அது எப்படித் தொடங்குகிறது? "இவையெல்லாவற்றிலேயும்." கவனியுங்கள், "இவையெல்லாவற்றிலிருந்தும்" இல்லை. ஒரு வேற்றுமை உருபில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். அடிக்கப்படுகிற ஆடு அங்கேயேதான் நிற்கிறது, முற்றும் ஜெயங்கொள்ளுகிறவன் என்ற பெயரும் அதற்கேதான் கிடைக்கிறது, அதுவும் "நம்மில் அன்புகூருகிறவராலே".

எபிரெயர் 11ம் இப்படித்தான். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும், 35ஆம் வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று ஒரு திருப்பம் வரும். வேறுசிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். இரண்டு கூட்டத்தாரைப் பற்றியும் ஒரே சான்றுதான்: விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள். நம் சாட்சி நேரத்தில் முதல் கூட்டத்துக்கு மைக் கொடுக்கிறோம், வேறுசிலருக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு நீங்கள் மட்டும் தனியாக இருப்பதுபோலத் தெரிகிறது.

ஏழு வருஷம் கோபமே வராதவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும். (இது கொஞ்சம் குத்தலாக வந்துவிட்டது, இருக்கட்டும்.)

இரவுப்பணி எழுதியது:

பிரதர், நான் நர்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், அதிலும் பாதி ராத்திரி டியூட்டி. வேதபாடம் சொல்ல மற்றவர்கள் இருக்கிறார்கள், நான் கட்டிலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீர் கட்டுப்பாடு போவது சர்வ சாதாரணம். வந்தாலும் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அதனால் நனைந்த பிறகு மாற்றுவதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களாகவே யூரின் பாட்டிலை வைத்துப் பாருங்கள். எல்லா நாளும் பலிக்காது, பாதி நாள் பலித்தாலே பெரிய விஷயம். இடுப்புக்குக் கீழே ரப்பர் ஷீட் போட்டு அதன் மேல் குறுக்காக ஒரு விரிப்பு போடுங்கள், நனைந்தால் அதை மட்டும் உருவினால் போதும், முழுப் படுக்கையையும் கலைக்க வேண்டாம். ஷீட் மாற்றும்போது அவரை ஒரு பக்கமாகத் திருப்பி, பழையதை முதுகு ஓரமாகச் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, அப்புறம் மறுபக்கம் திருப்பி உருவ வேண்டும். வலது கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், விழுந்த பக்கத்துத் தோள் மூட்டு சுலபமாக நழுவிவிடும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ஆகவே அந்த எழுந்திருத்தலையும் பாட்டில் வைப்பதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கசப்பான மாத்திரை. நீங்கள் சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஊழியத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தினால் நல்லது என்பது என் கருத்து. நீங்கள் தகுதியில்லாதவர் என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ராத்திரித் தூக்கம் இல்லாத ஒரு மனுஷன், வாரத்தில் கிடைக்கிற ஒரே மத்தியானத்தையும் இன்னொரு வார்டில் போய்க் கழிக்கிறான். எங்களுக்காவது ஷிப்ட் முடியும், உங்களுக்கு முடிவதில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்கவிட்டான், இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும்தான் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியதெல்லாம் 40 நாள் கழித்துத்தான்.

இன்னொன்று, மாற்கு 7ஐ வாசித்துப் பாருங்கள். தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைத்தவர்களை இயேசு என்ன சொன்னார் என்று. நீங்கள் அந்த ரகம் இல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் வார்டில் செய்வது ஊழியம், வீட்டில் செய்வது தொல்லை என்று மனசுக்குள் ஒரு கோடு விழுந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திட்டுங்கள்.

பாதிவழி எழுதியது:

சிஸ்டர், திட்டவில்லை. உங்கள் பதிலை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வார்டு ஒன்றுதான் நான் கிறிஸ்தவன் என்று எனக்கே தோன்றுகிற இடம். அங்கே அவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், "நீங்க வந்தா நல்லா இருக்கு" என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுகிறேன், அவர்களுடைய மூன்றாவது ஷீட்டை நான் பார்ப்பதே இல்லை. வாரம் முழுக்க வீட்டில் கத்தினதற்கெல்லாம் சனிக்கிழமை போய் ஈடு கட்டிவிட்டு வருகிறேன் போலிருக்கிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஆனால் அதை விட்டுவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? அது பயமாக இருக்கிறது.

பழைய கண்ணாடி எழுதியது:

தம்பி, வயதானவன் எழுதுகிறேன், ஒருவிரல் தட்டச்சு, மெதுவாகத்தான் வரும்.

நீங்கள் கடைசியாக எழுதிய அந்த "ஈடு கட்டிவிட்டு வருகிறேன்" என்பதில்தான் முடிச்சு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு முன்னால், இந்த ஜெயங்கொண்ட வாழ்க்கை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வார்த்தை வேதத்தில் இருப்பதுதான். ஆனால் ஒரேயடியாக ஒப்புக்கொடுத்தால் பாவத்தின்மேல் இடைவிடாத ஜெயம், அதற்கென்று ஒரு தனிப் படி இருக்கிறது, அதில் ஏறியவர்கள் ஏறாதவர்கள் என்று இரண்டு வகை விசுவாசிகள் என்ற மாதிரி நாம் பேசுகிறோமே, அந்தத் தொனி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. இங்கிலாந்தில் கெஸ்விக் என்ற ஊரில் 1875ல் ஆரம்பித்த கூட்டங்கள் அதை உலகம் முழுக்கப் பரப்பின. அதில் நல்லவர்கள் ஏராளம், அங்கிருந்து மிஷனெரிகளாகப் போனவர்கள் ஏராளம். அதே காலத்தில் ஜே. சி. ரைல் என்பவர், பின்னாளில் லிவர்பூல் பிஷப் ஆனவர், இதை மறுத்து 1877ல் ஒரு புத்தகமே போட்டார். பரிசுத்தம் என்பது கடைசி மூச்சுவரை போராட்டம், போராட்டம் இருப்பதே உயிர் இருப்பதற்கு அடையாளம் என்பது அவர் பக்கம். ரோமர் 7ல் "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று புலம்புவது யார் என்ற சண்டை அதைவிடப் பழையது. பழைய காலத்துச் சபைப் பெரியவர் அகஸ்டின் முதலில் அது இரட்சிப்புக்கு முந்தின மனுஷன் என்றார், வயதான பிறகு மாற்றிக்கொண்டு, இல்லை, அது அப்போஸ்தலனே தன்னைப் பற்றிச் சொல்வதுதான் என்றார். வயது ஏற ஏற அப்படி மாறியது எனக்குப் புரிகிறது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் சபையில் கேட்கிறதுதான் ஒரே கிறிஸ்தவம் என்று நினைத்து உங்களை நீங்களே தள்ளிவைத்துவிடாதீர்கள்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கெஸ்விக் கூட்டத்தின் ஆதரவோடு மிஷனெரியாக அனுப்பப்பட்டவர்தான். எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். 1931ல் ஒரு பள்ளத்தில் விழுந்து அடிபட்டார், 1951ல் மரிக்கிறவரைக்கும் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். ஓடி ஓடிச் சேவை செய்தவர், மற்றவர்கள் வந்து பார்த்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டார். ஜெயமெல்லாம் 1931க்கு முன்னாலேயே முடிந்துபோனதா? உங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் உங்களைத் தூக்கித் திரிந்தவர்தானே, அதனால் கேட்கிறேன்.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்" என்று எழுதின அதே அதிகாரத்தில், ஆறு வசனம் தாண்டி, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்கிறார். புஸ்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும். கொஞ்சம் கீழே போனால் மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். குளிருகிறது அவருக்கு. நடுவில், முதல் விசாரணையில் ஒருவனும் என்னோடு இல்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று ஒரு வரி. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று இன்னொரு வரி. எத்தனை பேரைச் சுகமாக்கினவர் அவர், ஆனால் கூட வந்த இவனைப் படுக்கையில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. ஜெயங்கொண்டவனின் கடைசி நிருபம் இப்படித்தான் இருக்கிறது, மேலங்கி வேண்டும், ஆள் வேண்டும், சீக்கிரம் வா என்று.

வெளிப்படுத்தல் 2, 3 அதிகாரங்களில் ஏழு சபைக்கும் "ஜெயங்கொள்ளுகிறவன் எவனோ" என்று வரும். அதில் எபேசு சபையைப் பாருங்கள், கிரியை உண்டு, பிரயாசம் உண்டு, இளைப்படையாமல் உழைத்தார்கள், ஆனாலும் ஆதி அன்பு போய்விட்டது என்று குறை. பிலதெல்பியா சபைக்குக் குறையே சொல்லவில்லை. அவர்களிடம் என்ன இருந்தது? "கொஞ்சம் பெலன்." கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு அவர் நாமத்தை மறுதலிக்காமல் இருந்தார்கள்.

இப்போது உங்கள் முடிச்சு. சேவை செய்து பழைய கணக்கை அடைக்க முடியாது தம்பி, அதைச் சிலுவையில் ஒருவர் அடைத்தாகிவிட்டது. நீங்கள் அடைக்கப் பார்க்கும்வரை ஆஸ்பத்திரிப் பெரியவர் உங்களுக்கு ஒரு தவணை ரசீது, உங்கள் அப்பா கடனைத் திருப்பிக் கேட்கிற ஆள். இரண்டு பேரையும் நீங்கள் ஆளாகப் பார்க்கவில்லை. கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் இதை நான் முப்பது வருஷம் பிரசங்க மேடையிலேயே செய்தவன். என் மனைவி ஒருநாள், "சபைக்காரங்க போன் பண்ணினா உங்க குரலே மாறிடுது, அந்தக் குரல்ல எங்கிட்ட ஒருநாள் பேசுங்களேன்" என்றாள். அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு நின்றேன்.

விட்டுவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டீர்கள். யோவான் 13ல் பேதுரு காலைக் கழுவ விடமாட்டேன் என்றபோது, நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார் இயேசு. நீங்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் சொன்னது இது. வரிசை முக்கியம். உங்களை யாராவது கழுவ விடுகிறீர்களா? சபையில் ஒருவருக்காவது உங்கள் வீட்டு ராத்திரிகள் தெரியுமா?

விசுவாச வீரன் எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்தேன். அப்பாவின் விஷயத்தைச் சரியாகப் படிக்காமல் அவசரமாகப் பதில் போட்டுவிட்டேன், பிரதர் மன்னிக்கணும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் பின்வாங்க மாட்டேன். நான் ஒன்பது வருஷம் குடிகாரனாக இருந்தவன். என் பிள்ளை நான் வருகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆண்டவர் என்னை விடுவித்தார், அது கதை இல்லை, நிஜம். அதனால்தான் யாராவது "போராட்டம் சகஜம், எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னால் எனக்குப் பதறுகிறது. அன்றைக்கு யாராவது எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போய் இன்னொரு பாட்டிலைத் திறந்திருப்பேன். பாவத்தோடு சமாதானம் பண்ணிக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

சங்கீதம் 88 எழுதியது:

வீரன் பிரதர், இது நியாயம். இதை முதல் பதிலிலேயே எழுதியிருந்தீர்கள் என்றால் நான் குத்தியிருக்க மாட்டேன். ஒரு கேள்வி மட்டும்: நீங்கள் குடியை விட்ட அந்த நாட்களில் தனியாகவா விட்டீர்கள்?

விசுவாச வீரன் எழுதியது:

இல்லை. சபையில் ஒரு அண்ணன் மூன்று மாசம் தினமும் சாயங்காலம் வேலை விடுகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்று என்னை வீடுவரைக்கும் கொண்டுவந்து விட்டார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டார். இதை நான் சாட்சியில் சொல்வதில்லை, இப்போது நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. ஏன் சொல்வதில்லை என்று யோசிக்கிறேன்.

சங்கீதம் 88 எழுதியது:

பாதிவழி, இவ்வளவு பேர் இவ்வளவு எழுதினோம், நான் உட்பட யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? ஆண்டவரிடம் கேட்டிருப்பீர்கள், அது தெரியும். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து என்று மத்தேயு 5ல் இருக்கிறது. அங்கேயும் வரிசை முக்கியம்.

பாதிவழி எழுதியது:

கேட்கவில்லை. அவருக்குப் புரியுமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

இரவுப்பணி எழுதியது:

பிரதர், வலது பக்கம் விழுந்து பேச்சும் போனவர்களில் நிறையப் பேருக்கு நாம் சொல்வது புரியும். எல்லாமே புரியாவிட்டாலும் குரலும் முகமும் புரியும். பேச வாய் வராது என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், வார்டில் நாங்களே செய்கிற தப்பு அது. எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாக, ஆம் இல்லை என்று தலையாட்டுகிற மாதிரிக் கேளுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

பாதிவழி எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கணும்.

கேட்டேன். அன்றைக்கே முடியவில்லை, மூன்றாம் நாள் ராத்திரிதான் முடிந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, "அப்பா, அன்னைக்கு உங்க கை இடிச்சது நான்தான், தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. அவர் இடது கையைத் தூக்கினார், என் தலையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, ஷீட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் அவர் அழுகிறார். அவருக்கு வெட்கம். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் வேண்டுமென்று செய்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ஊழியத்தை மூன்று மாசத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். காரணம் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட வார்டுக்கு வருகிற இரண்டு பேர், செவ்வாய்க்கிழமை ராத்திரி நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம், நீ போய்த் தூங்கு என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஐயா எழுதிய பேதுரு ஞாபகத்துக்கு வந்து சும்மா இருந்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு மணி நேரம் தூங்கினேன். ஞாயிறு பள்ளி வகுப்பை விடவில்லை. ஆவியின் கனிப் பாடத்தை மறுபடியும் எடுத்தேன், எனக்கு இதில் மார்க் குறைவு என்று பிள்ளைகளிடம் சொன்னேன், ஒரு பையன் "எனக்கும் சார்" என்றான்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. நேற்று ராத்திரியும் எரிச்சல் மேலே வந்தது, வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9ல் தன் பிள்ளைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாட்டில் வைக்கிறது ஐந்துக்கு மூன்று தடவை பலிக்கிறது.

சிஸ்டர், அந்தக் குறுக்கு விரிப்பு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும்? நான் போட்டது நகர்ந்து நகர்ந்து சுருண்டுவிடுகிறது.

இரவுப்பணி எழுதியது:

தோளுக்குக் கீழிருந்து முழங்கால்வரை வருகிற அளவு இருந்தால் நல்லது. கெட்டிப் பருத்தித் துணியாகப் பாருங்கள், வழுக்குகிற துணி வேண்டாம். இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் ஒரு முழமாவது போகிற மாதிரி நீளம் வைத்து, நன்றாக இழுத்துச் செருகுங்கள். கையால் தடவிப் பாருங்கள், ஒரு மடிப்புகூட இருக்கக்கூடாது, அந்த மடிப்புதான் முதுகில் புண்ணை உண்டாக்கும்.